நோ க்ளைம் போனஸ்

சாவி வெந்தய டப்பாவில் இருந்தது.
ஆறு மாதமாக அங்கேதானாம்.
சொல்லிவிட்டு அவள் மெட்ரோவுக்குக் கிளம்பிவிட்டாள்.
லைசென்ஸ் திரும்பி வந்தாயிற்று,
பாலிசி வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு முடிகிறது.
விரல் முழுக்க வெந்தய வாடை.

முப்பத்தொரு வருடம் நான்
வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர்.
நசுங்கியதைத் தொட்டுப் பார்த்து விலை சொல்பவன்.
ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தேய்மானம் பாதி,
தகரத்துக்கு வயதைப் பொறுத்து,
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
அறுபத்தெட்டு வயது ஈரலுக்கு
அந்த அட்டவணையில் இடமில்லை.

தொண்ணூற்று நாலில், செங்குன்றத்தில் ஒரு லாரி.
ஓட்டியவன்தான் சொந்தக்காரனும்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டரின் கிறுக்கல்:
மது வாசனை உண்டு.
மூன்று சொல்லையும் அடிக்கோடிட்டேன்,
கோப்பு மூடிக்கொண்டது.
அவன் மனைவி ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள்:
"வாசனைக்கெல்லாமா சார் காசு புடிப்பாங்க?"
நான் லிஃப்டில் இறங்கிப் போனேன்.

திருமங்கலம் சிக்னல் தாண்டி
இரவு பதினொன்று நாற்பது.
கிருபாகரன் மகள் நிச்சயதார்த்தம்,
நெத்திலி வறுவலும்
எண்ணாமல் விட்ட ரவுண்டுகளும்.
கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது
ஒரு சோளக்கருது வண்டி.
சங்கிலி அப்படியே நின்றது.
வண்டி மட்டும் போய்விட்டது.
ரோடெல்லாம் கரி.

கான்ஸ்டபிள் குழாயை நீட்டினான்.
"ஊதுங்க சார்."
ஊதினேன்.
"இழுக்காதீங்க சார், ஊதுங்க."
எண் வந்தது.
மொய் எழுதினது போல
நூற்றுப் பதினாறு.

எழும்பூர் கோர்ட்டில் பத்தாயிரம்.
வரிசையில் எனக்கு முன்னால்
சாப்பாடு டெலிவரி சட்டையோடு ஒரு பையன்
திரும்பிப் பார்த்துக் கேட்டான்,
"பெருசு, மொத தடவையா?"
மாட்டுவது மொத தடவை
என்று சொல்ல வாய் வந்தது.

க்ளைம் போடவில்லை.
போட்டால் என்ன பதில் வருமென்று தெரியும்,
அந்த வாக்கியத்தை எழுதிக்கொடுத்ததே நான்தான்.
பம்பர், விளக்கு, கண்ணாடி எல்லாம் கைக்காசு.
வண்டிக்காரிக்குப் பதினெட்டாயிரம், கவரில்.
பாலிசிப் பாஷையில் அவள் மூன்றாம் தரப்பு.
பெயர் தவமணி.
இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இன்று மதியம் போன்.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.
மிஸ்பா என்று ஒரு பெண், சின்னக் குரல்.
நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்:
ஆமாம், தண்டனை பெற்றவன்.
ஆமாம், வயதும் ஆகிவிட்டது.
ஏற்றட்டும் பிரீமியத்தை. மறுக்கட்டும்.
எவனாவது ஒருத்தன்
என் பேருக்குக் கீழேயும் ஒரு கோடு போடட்டும்.

"போன வருஷம் க்ளைம் ஏதாவது சார்?"
"இல்ல. ஆனா..."
"சூப்பர் சார். அஞ்சு வருஷமா க்ளைமே இல்ல,
பாதிக்குப் பாதி போனஸ் வருது.
வாழ்த்துகள் மிஸ்டர் ஞானசிகாமணி."
"கேஸ் ஒண்ணு இருக்கும்மா. குடிச்சிட்டு ஓட்டினதுக்கு."
தட்டச்சுச் சத்தம் நின்றது.
அவள் பின்னால் வேறு யாரோ
வேறு யாருக்கோ வணக்கம் சொன்னார்கள்.
"அதுக்கு இங்க கட்டம் இல்ல சார்."
பிறகு, பதிவில் விழாத அளவு மெதுவாக,
"பாத்து ஓட்டுங்க சார்."

ஓ.டி.பி. சொன்னேன்.
ஆறு எண்களும் சரியாக இருந்தன.

சாயங்காலம் நடந்தே போனேன்,
சாவியை டப்பாவிலேயே போட்டுவிட்டு.
அதே கம்பம், அதே சங்கிலி, புது வண்டி.
தவமணிக்கு என்னை அடையாளம் தெரிந்ததா,
முகத்தில் ஒன்றும் இல்லை.
முப்பது ரூபாய் என்றாள். கொடுத்தேன்.
விசிறியால் கனலைத் தட்டி எழுப்பி,
கருதைப் புரட்டிப் புரட்டிச் சுட்டு,
எலுமிச்சை மூடியை மிளகாய்த் தூளில் தொட்டு
அழுத்தித் தேய்த்து,
தோலில் வைத்து நீட்டினாள்.

"சூடு. ஊதித் துன்னு சார்."